கிழங்கை அண்ணன் என்று அழைக்கும் தீவினர்

பசிபிக் மாக்கடலின் நடுவே, அமெரிக்கக் கண்டத்தின் மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 3,850 கிலோமீட்டர் தொலைவில் ஹவாய்த் தீவுகள் கிடக்கின்றன. எரிமலைகள் கக்கிய குழம்பு இறுகி உண்டான நிலம் அது. 1959-இல் அஃது அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஐம்பதாவது மாநிலமாயிற்று. இவ்வளவும் பள்ளிப் பூகோளத்தில் வருவதே. ஹவாய் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன் எழும் காட்சியும் யாவரும் அறிந்ததே. தென்னை மரம், வெண்மணல், கழுத்தில் மலர்மாலை, இடுப்பில் புல்லாடை, கையில் ஒரு சிறு கிட்டார். உல்லாசப் பயணக் கம்பெனிகள் நூறாண்டுகளாக விற்றுவரும் படம் இது. அந்தப் புல்லாடைகூட அத்தீவினருடையது அன்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கில்பர்ட் தீவுகளிலிருந்து வந்து சேர்ந்தது. ஹவாய்ப் பெண்கள் மரப்பட்டைத் துணியையே உடுத்தி ஆடினர்.

இந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு மக்கட் கூட்டம் இருக்கிறது. அவர்தம் பாட்டும் கூத்தும் விருந்தும் உலகெங்கும் புகழ்பெற்றிருந்த அதே காலத்தில், அவர்தம் மொழியைப் பேசும் பிள்ளைகளின் தொகை ஐம்பதுக்கும் கீழே இறங்கிற்று. உணவு தங்கியது, இசை தங்கியது, பேச்சு போயிற்று. போன பேச்சு பின்னர் மீண்டும் வந்தது என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்லப் புகுந்த செய்தி. பிறந்த ஊரை விட்டு வந்து, பொங்கலும் திருமண விருந்தும் பாட்டுக் கச்சேரியும் குறைவற நடத்திவரும் நம்மைப் போன்ற குடும்பங்கள் கேட்கத் தக்க செய்தி அது. ஆயின் கதை அடுக்களையிலிருந்தே தொடங்க வேண்டும்.

நாம் சேப்பங்கிழங்கு என்றும், தில்லிக்குக் குடிபெயர்ந்தபின் அர்வி என்றும் சொல்லிப் பழகிய கிழங்கு ஒன்று உண்டு. ஹவாய் மொழியில் அதன் பெயர் 'கலோ'. எண்ணூறு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், தெற்கே உள்ள பாலினீசியத் தீவுகளிலிருந்து, விண்மீன்களையும் அலைகளின் போக்கையும் பார்த்துக்கொண்டே இரட்டை ஓடங்களில் அம்மக்கள் வந்து இறங்கினர். வரும்போது வெறுங்கையோடு வரவில்லை. சேம்பு, ஈரப்பலா, சர்க்கரைவள்ளி, வாழை, தென்னை, கரும்பு, மஞ்சள், நுணாவின் இனமான ஒரு மரம் என இருபதுக்கு மேற்பட்ட செடிவகைகளை உப்புக் காற்றிலிருந்து காத்துக் கொணர்ந்தனர். ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு முறையும் இரயில் பெட்டியில் கறிவேப்பிலைக் கன்றை மடியில் வைத்துக்கொண்டு வரும் நம் வீட்டுப் பெண்மக்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

இச்செடிகளுள் கலோவுக்கே முதலிடம். அதற்குக் காரணமாக அவர்கள் கூறும் கதை இது. வானத் தந்தையாகிய வாக்கேயாவுக்கும் ஹோஹோகூகலானி என்பவளுக்கும் முதலில் பிறந்த மகவு உயிரற்றுப் பிறந்தது. அதை மண்ணில் புதைத்தனர். புதைத்த இடத்தில் நடுங்கும் இலைகளோடு ஒரு சேம்பு முளைத்தது. பிறகு பிறந்த இரண்டாம் மகன் உயிரோடு வளர்ந்தான். அவனுக்கு ஹாலோவா என்று பெயர். அவன் வழிவந்தோரே ஹவாய் மக்கள். ஆகவே சேம்பு அவர்களுக்கு மூத்த அண்ணன். தம்பி அண்ணனைப் பேண வேண்டும். அண்ணன் தம்பிக்குச் சோறிட வேண்டும். தாய்ச்செடியின் பக்கத்தில் கிளைக்கும் கன்றுக்கு 'ஒஹா' என்று பெயர். குடும்பத்தைக் குறிக்கும் 'ஒஹானா' என்னும் சொல் அதிலிருந்து பிறந்தது என்பர். 'வாழையடி வாழை' என்று நாம் வாழ்த்துவதை அவர்கள் ஒரே சொல்லில் அடக்கிவிட்டனர்.

கலோவிலிருந்து ஆக்கும் முதன்மை உணவு 'போய்'. எழுத்தில் இது நம் வினையெச்சம் போலத் தோன்றும். அத்தீவில் அதுவே சோறு. கிழங்கைப் பச்சையாக வாயிலிட்டால் நாவும் தொண்டையும் அரிக்கும் என்பது நம் அடுக்களையிலும் தெரிந்ததே. ஆகவே நெடுநேரம் வேகவைத்து, தோல் நீக்கி, மரப்பலகை மேலிட்டு, கற்குழவியால் இடித்து இடித்துப் பிசைவர். நீர் சேர்க்காமல் கெட்டியாக இடித்ததைப் 'பாயி ஆய்' என்பர், அது பல நாள் கெடாது, பயணத்துக்குக் கட்டுச்சோறாகும். நீர்விட்டுத் தளர்த்தினால் போய். அதன் பதத்தை விரலால் அளப்பது வழக்கம். ஒரு விரலால் வழித்து உண்ணும்படி இருந்தால் ஒருவிரல் போய். தளரத் தளர இருவிரல், மூவிரல். நிறம் சாம்பல் கலந்த ஊதா. ஓரிரு நாள் வைத்தால் புளிக்கும்; அந்தப் புளிப்புக்கென்றே காத்திருந்து உண்பவரும் உளர். இட்லி மாவும் பழைய சோறும் அறிந்த நமக்கு இது விந்தையன்று. பல் முளைக்காத குழந்தைக்கு முதலில் ஊட்டுவதும் இதுவே.

வெளியூரார் இதைச் சுவரொட்டிப் பசை என்று எள்ளுவது நெடுநாளைய வழக்கம். போயைத் தனியே நக்கிப் பார்த்துவிட்டுக் குறை கூறுவது, குழம்பும் இரசமும் இல்லாமல் வெறுஞ்சோற்றைத் தின்றுவிட்டுத் தமிழர் சமையலில் சுவையில்லை என்பதற்கு ஒப்பாகும். உப்பிட்ட மீனும், கடற்பாசியும், நிலத்தடி அடுப்பில் வெந்த இறைச்சியும் பக்கத்தில் இருந்தாலன்றிப் போயின் அருமை விளங்காது. ஒரு வழக்கத்தை மட்டும் இங்கே குறிப்பிட வேண்டும். பந்தியில் போய்க் கலம் மூடி திறந்து வைத்திருக்கும்வரை எவரும் சண்டையிடலாகாது, கடுஞ்சொல் கூறலாகாது. அண்ணன் எதிரில் அமர்ந்திருக்கிறான் அன்றோ!

நிலத்தடி அடுப்புக்கு 'இமு' என்று பெயர். குழி தோண்டி, விறகிட்டு, எரிமலைக் கற்களைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, வாழைத்தண்டும் இலைகளும் பரப்பி, அதன்மேல் உணவை வைத்து மண்ணால் மூடிவிடுவர். பல மணி நேரம் கழித்துத் திறப்பர். முழுப் பன்றியும் இதில் வேகும். ஈரப்பலாவும் சர்க்கரைவள்ளியும் வேகும். 'லாவ்லாவ்' என்பது இறைச்சியையோ மீனையோ சேம்பிலையில் பொதிந்து, மேலே மற்றோர் இலையைச் சுற்றி ஆவியில் அவிப்பது. புலால் உண்ணாத நம் அன்பர்கள் முகஞ்சுளிக்க வேண்டா. மும்பைச் சந்தையில் வாங்கும் அளு இலையில் கடலைமாவு தடவிச் சுருட்டி அவிக்கும் அளுவடியை நினைத்துக்கொண்டால் போதும், இலை ஒன்றே. சேம்பின் தளிரிலைக்கு அவர்கள் மொழியில் 'லுவாவ்' என்று பெயர். அந்த இலையின் பெயரே நாளடைவில் விருந்துக்கும் ஆகிவிட்டது. தேங்காய்ப் பாலைக் கூவைக்கிழங்கு போன்ற ஒரு கிழங்கின் மாவோடு காய்ச்சி உறையவைத்துத் துண்டுபோடும் 'ஹாவ்பியா' விருந்தின் இறுதியில் வரும். இந்நாளில் சோளமாவிலேயே செய்கின்றனர்.

பழங்காலத்தில் ஆடவரும் பெண்டிரும் ஒரே பந்தியில் உண்ணலாகாது. பன்றியிறைச்சி, தேங்காய், பெரும்பாலான வாழை வகைகள் ஆகியவை பெண்களுக்கு விலக்கு. மீறினால் கொலைத் தண்டனை. முதலாம் கமேஹமேஹா அரசர் 1819-இல் மறைந்ததும், அவருடைய மனைவியருள் ஒருவரான காஅஹுமனு அரசியும் இளவரசனின் தாயும் தூண்ட, புதிய அரசன் லிஹோலிஹோ எல்லாரும் காணப் பெண்கள் பந்தியில் அமர்ந்து உண்டான். அந்த ஒரு வேளைச் சாப்பாட்டோடு பழைய விலக்குகள் யாவும் சரிந்தன. போர் செய்து மாற்ற வேண்டியதை ஒரு பந்தி மாற்றிவிட்டது எனலாம். (பின்னர் போரும் நடந்தது, பழைமை நாடியோர் தோற்றனர்.)

சேம்பு நீரில் வளர்வது. மலையிலிருந்து இறங்கும் ஓடைநீரை வாய்க்கால் வழியே வயல்களுக்குத் திருப்பி, ஒரு வயலின் வடிகாலை அடுத்த வயலுக்கு விட்டு, இறுதியில் மீண்டும் ஓடைக்கே சேர்ப்பர். மலையுச்சி முதல் கடல்வரை நீளும் ஒரு நிலப்பகுதி ஒரு குடிக்கூட்டத்தின் வாழ்வாதாரமாக இருந்தது. நீருக்கு அம்மொழியில் 'வை' என்று பெயர். செல்வத்துக்கு 'வைவை'. சட்டத்துக்கு 'கானாவை'. நீர்ப்பங்கீட்டின் ஒழுங்கே சட்டத்தின் தொடக்கம் என்பதுபோல அச்சொல்லிலும் நீர் நிற்கிறது. 'வை' என்றதும் வையையாற்றை நினைத்து உறவு கொண்டாடப் புறப்படும் அன்பர்கள் நம் சங்கத்திலேயே இருக்கின்றனர். அவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். ஒலி ஒத்தால் உறவு ஆகாது. நீரை மதித்தவர் உலகில் பலர்.

இந்த நீரைத்தான் கரும்பு கொண்டுபோயிற்று. 1835-இல் கவாய்த் தீவின் கோலோவாவில் முதற் பெருங் கரும்புத் தோட்டம் தொடங்கியது. கரும்பின் தாகம் பெரிது. ஒவாஹுத் தீவில் மழை மிகுந்த பக்கத்து ஓடைகளை மலையைக் குடைந்து மறுபக்கத்துக்குத் திருப்பிய வையாஹோலே வாய்க்கால் 1916-இல் முடிந்தது. ஓடைக்கரைச் சேம்பு வயல்கள் காய்ந்தன. 1995-இல் அந்தக் கரும்பு ஆலை மூடப்பட்ட பின், நீர் எவருக்கு என்ற வழக்கு எழுந்தது. மாநில உச்சநீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில், நீர் பொதுமக்கள் சார்பில் அரசு காக்கும் பொருள் என்று தீர்ப்பளித்தது. ஓரளவு நீர் ஓடைக்குத் திரும்பிற்று. வயல்களில் மீண்டும் சேம்பு நட்டனர். மற்றொரு தடை சுகாதார விதிகளால் வந்தது. மரப்பலகையில் கற்குழவியால் இடித்ததைக் கடையில் விற்கலாகாது என்றிருந்தது. அண்ணனுக்கு உரிமம் கேட்ட கதை இது. உழவரும் மாணவரும் சட்டமன்றத்துக்குச் சென்று வாதாடி, 2011-இல் கையால் இடித்ததை விற்க வழி செய்யும் சட்டத்தைப் பெற்றனர்.

மலர்மாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வரவேற்புக்கும் பிரிவுக்கும் பிறந்தநாளுக்கும் கழுத்தில் இடும் மாலைக்கு 'லேய்' என்று பெயர். அங்கே மிக விரும்பும் மாலைகளுள் ஒன்று நம் குண்டுமல்லியால் தொடுத்தது. அதை அவர்கள் 'பிக்காக்கே' என்கின்றனர். மயில் என்பது பொருள். 1875-இல் பிறந்த இளவரசி கையுலானிக்கு மயில்கள் மீதும் மல்லிகை மீதும் ஒருசேரப் பற்று இருந்தமையால், மயிலின் பெயரை மலருக்கும் இட்டனராம். நம் மலரும் நம் பறவையும் அத்துணைத் தொலைவில் ஒரு பெயரில் கூடியிருப்பது இன்பம் தருகிறது.

இனி இசைக்கும் கூத்துக்கும் வருவோம். 1819-இல் பந்தி விலக்கை ஒழித்த அதே காஅஹுமனு அரசி, கிறித்துவ சமயத்தைத் தழுவியபின், 1830-இல் ஹூலா என்னும் ஆடலைப் பொதுவிடத்தில் ஆடலாகாது என்று தடை செய்தார். 1820-இல் வந்திறங்கிய பாதிரிமார்களின் கண்ணுக்கு அது ஆபாசம். நம் நாட்டில் சதிர் பட்ட பாட்டை அறிந்தோர்க்கு இதில் புதுமை இல்லை. கூத்து நாட்டுப்புறங்களில், வீட்டுத் திண்ணைகளில், ஆசிரியரிடமிருந்து ஓரிரு மாணவருக்கு என்று ஒளிந்து வாழ்ந்தது. 1874 முதல் 1891 வரை ஆண்ட கலாகௌவா அரசர், 1883-இல் தம் முடிசூட்டு விழாவிலும், 1886-இல் தம் ஐம்பதாம் பிறந்தநாள் விழாவிலும் ஹூலா ஆசிரியர்களை அழைத்து அரண்மனை முற்றத்தில் ஆடச் செய்தார். சமயவாதிகள் சீறினர். அரசர் பொருட்படுத்தவில்லை. இன்று ஹிலோ நகரில் ஆண்டுதோறும் ஈஸ்டரை அடுத்த வாரத்தில் நடைபெறும் பெரும் ஹூலா விழா அவருடைய சிறப்புப் பெயரையே தாங்கியிருக்கிறது. அதில் போட்டி ஆடல் 1971-இல் தொடங்கிற்று.

ஹூலா என்பது இடுப்பை அசைப்பது என்று எண்ணுவோர் அதைக் கண்டாரில்லை. அதன் உயிர் சொல்லில் இருக்கிறது. ஆசிரியர் சுரைக்குடுக்கையைத் தரையில் தட்டித் தாளமிட்டுப் பாட்டை ஓத, ஆடுவோர் அதன் பொருளைக் கையாலும் கண்ணாலும் விரிப்பர். மழைக்கு ஒரு கை, மலைக்கு ஒரு கை, காதலுக்கு வேறு. பாட்டில்லாமல் ஹூலா இல்லை. பதமில்லாமல் அபிநயம் இல்லாதவாறே. எழுத்து வருமுன் வரலாறும் குலமுறையும் இப்பாட்டுகளிலேயே காக்கப்பட்டன. இங்கேதான் நாம் மேலே சொன்ன துயரம் விளங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில், ஓட்டல் மேடைகளில் நாள்தோறும் ஆடிய பலருக்குக் கையசைவு தெரியும். பாட்டின் சொல்லுக்குப் பொருள் தெரியாது. பொருளறியாத் தேவாரம் பாடிப் பரிசு வாங்கும் பிள்ளைகளை நாமும் நம் விழாக்களில் கண்டிருக்கிறோம். குரல் இனிமையாகவே இருக்கும்.

இசைக் கருவிகளின் கதை வேறு வகை. அவை பெரும்பாலும் வந்தவை. வந்த இடத்தில் மாறியவை. மேய்ச்சல் மாடுகளை அடக்க 1830-களில் வந்த மெக்சிக்கோ நாட்டு மாடுமேய்ப்போர் கிட்டாரைக் கொணர்ந்தனர். ஹவாய்க்காரர் அதன் நரம்புகளைத் தம் காதுக்கு ஏற்பத் தளர்த்திச் சுருதி கூட்டி, ஒரே கருவியில் அடிச்சுருதியும் மெட்டும் சேர்ந்தொலிக்கச் செய்தனர். அந்தச் சுருதி முறைகளைக் குடும்ப இரகசியமாகக் காத்தனர். 1946-இல் காபி பஹினுயி என்பார் இசைத்தட்டில் பதிவு செய்தபின்னரே அது வெளியுலகில் பரவிற்று. உக்குலேலே என்னும் நான்கு நரம்புச் சிறு கருவி, 1879-இல் மடெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த போர்த்துகீசியத் தச்சர்களால் உருவானது. அவ்வாண்டிலேயேதான் நம் நாட்டுக் கூலியாட்களை ஏற்றிய முதற் கப்பல் ஃபிஜித் தீவை அடைந்தது. தமிழர் 1903 முதல் அங்கே சென்றனர். ஒரே கடல், ஒரே கரும்பு.

கிட்டாரை மடியில் கிடத்தி, இரும்புத் துண்டை நரம்புகள் மேல் வழுக்கி இசைக்கும் முறை ஜோசப் கெக்கூக்கூ என்னும் ஹவாய் இளைஞர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரப்பியது. நரம்பைக் கட்டையால் தடவி வாசிக்கும் நம் கோட்டு வாத்தியத்தின் கமகம் அதில் வரும். 1915-இல் சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் கேட்டபின் அமெரிக்கா முழுவதும் அதற்கு மயங்கிற்று. இந்தியாவும் மயங்கிற்று. தாவ் மோ என்னும் இசைஞர் தம் குடும்பத்தோடு 1940-களில் கொல்கத்தாவில் தங்கி ஓட்டல் மேடைகளில் வாசித்தார். வங்காளத்தில் இரவீந்திரரின் பாட்டுகளை 'ஹவாயன் கிட்டாரில்' வாசிப்பது வீட்டுக்கு வீடு பரவியது. மும்பைத் திரைப்பட இசையில் வான் ஷிப்லி அதனை ஒலிக்கச் செய்தார். பிரிஜ் பூஷண் காப்ரா அதில் இராகங்களை விரித்தார். விசுவமோகன் பட் அக்கருவியை மாற்றியமைத்து மோகன வீணை என்று பெயரிட்டு, 1994-இல் கிராமி பரிசும் பெற்றார். கொல்கத்தாவிலும் மும்பையிலும் வாழும் நம்மவர் எத்தனையோ மாலைகளில் ஹவாயின் குரலை அறியாமலே கேட்டிருக்கின்றனர்.

இசை உலகை வென்ற அதே ஆண்டுகளில் நாடு கைவிட்டுப் போயிற்று. தாமே சிறந்த பாட்டாசிரியராகிய லிலியுவோகலானி அரசியை 1893 சனவரி 17-இல் அமெரிக்க வணிகரும் தோட்ட முதலாளிகளும், துறைமுகத்தில் இறங்கிய அமெரிக்கப் படையின் துணையோடு அரியணையிலிருந்து இறக்கினர். அரசாங்க வாத்தியக் குழுவினர் புதிய ஆட்சிக்கு விசுவாசக் கையொப்பமிட மறுத்து வேலையைத் துறந்தனர். அவர்களுக்காக எழுந்த எதிர்ப்புப் பாட்டுக்குக் 'கல்லுண்ணும் பாட்டு' என்றே ஒரு பெயர் உண்டு. பணத்துக்குக் கையெழுத்திடுவதைவிட நம் நிலத்துக் கல்லைத் தின்போம் என்பது அதன் கருத்து. 1897-இல் 21,000-க்கு மேற்பட்டோர் இணைப்பை எதிர்த்து முறையீட்டில் ஒப்பமிட்டனர். ஆயினும் 1898-இல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. நூறாண்டு கழித்து, 1993-இல், அமெரிக்கப் பேரவை மன்னிப்புத் தீர்மானம் நிறைவேற்றிற்று.

மொழியின் மீது விழுந்த அடி 1896-இல். எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. அதற்கு முன் அம்மொழி ஏழை மொழியாக இருக்கவில்லை. பாதிரிமார்கள் 1826-இல் வரையறுத்த அச்செழுத்துகள் பன்னிரண்டே. நமக்கு உயிரெழுத்துகள் மட்டுமே பன்னிரண்டு! அந்தப் பன்னிரண்டைக் கொண்டு 1834 முதல் 1948 வரை சுமார் நூறு செய்தித்தாள்கள் நடந்தன. நாட்டார் பெரும்பாலும் படிக்கத் தெரிந்தவர்களாக இருந்தனர். சட்டம் வந்தபின் பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் அடிபட்டனர். அடிபட்ட பிள்ளைகள் பெற்றோரானபோது, தம் மக்கள் அடிபட வேண்டா என்று வீட்டிலும் ஆங்கிலமே பேசினர். சட்டம் பள்ளிக்கூடத்தோடு நின்றது. வீட்டுக்குள் அதை நடத்தியவர்கள் அன்புள்ள பெற்றோரே. இதைப் படிக்கும்போது நம்மில் சிலருக்கு நெஞ்சில் சுருக்கென்று தைக்கக்கூடும்.

தோட்டங்களுக்கு வந்த பிற மக்களின் நிலையும் இங்கே கூறத் தக்கது. 1852 முதல் சீனர், 1878 முதல் போர்த்துகீசியர், 1885 முதல் பெருந்தொகையாக ஜப்பானியர், பின்னர் கொரியர், பிலிப்பினோக்கள் என வந்துகொண்டே இருந்தனர். கங்காணிகள் அவர்களைப் பெயரிட்டு அழைக்கவில்லை. உலோக வில்லையில் பொறித்த எண்ணே பெயர். நண்பகலில் கரும்பு நிழலில் அமர்ந்து, நம் டிபன் கேரியரைப் போன்ற இரண்டடுக்குத் தகரப் பாத்திரத்தைத் திறப்பர். கீழடுக்கில் சோறு, மேலடுக்கில் தொட்டுக்கொள்ள ஏதேனும். ஒருவர் ஊறுகாய் மற்றொருவர் மீனுக்கு மாறும். இன்று தீவெங்கும் விற்கும் 'பிளேட் லஞ்ச்' அந்த நிழலில் பிறந்தது. இரண்டு கரண்டி சோறு, மாக்கரோனிச் சாலட், பக்கத்தில் ஜப்பானிய அல்லது கொரிய அல்லது ஹவாய் இறைச்சி. எவருடைய சமையல் என்று சொல்ல முடியாது, எல்லாருடையதும்தான். அவ்வாறே சொற்களையும் மாற்றிக்கொண்டதில் 'பிட்ஜின்' என்னும் கலப்புப் பேச்சு உருவாயிற்று. படித்தோர் நெடுங்காலம் அதை இகழ்ந்தனர். அது பலருக்கு வீட்டு மொழியாக வாழ்கிறது.

ஜப்பானியர் தம் பிள்ளைகளுக்கு மாலைநேரத் தாய்மொழிப் பள்ளிகளை நடத்தினர். அரசு அவற்றைக் கட்டுப்பாட்டால் நெருக்கியபோது வழக்குத் தொடுத்து, 1927-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை சென்று வென்றனர். 1941-இல் போர் வந்ததும் அப்பள்ளிகள் மூடப்பட்டன. ஆயினும் ஜப்பானியருக்கு ஜப்பான் இருந்தது. நமக்குத் தமிழ்நாடு இருப்பதுபோல. ஹவாய் மொழிக்கு வேறு தாயகம் இல்லை. வெளியார் நுழையக்கூடாத தனியார் தீவாகிய நீஹாவில் மட்டும் சில குடும்பங்கள் அதை வீட்டு மொழியாக வைத்திருந்தன.

மீட்சி எங்கிருந்து வந்தது? பாட்டியிடம் வளர்ந்து பழஞ்சொற்களையும் பழமொழிகளையும் நெஞ்சில் சேர்த்திருந்த மேரி கவேனா புக்குயி அம்மையார், சாமுவேல் எல்பர்ட்டுடன் கூடி 1957-இல் பேரகராதியை வெளியிட்டார். 1972-இல் லாரி கிமூரா என்னும் ஆசிரியர் வானொலியில் முதியோரை அழைத்து அவர்கள் மொழியிலேயே உரையாடச் செய்தார். 1978-இல் மாநில அரசியலமைப்பு ஹவாய் மொழியையும் ஆட்சிமொழியாக்கிற்று. தாளில் எல்லாம் நன்றாயிருந்தது. ஆயினும் 1980-களின் தொடக்கத்தில் கணக்கெடுத்தபோது, பதினெட்டு வயதுக்குட்பட்டோருள் அம்மொழியில் பேச வல்லவர் ஐம்பதுக்கும் குறைவு.

அப்போது ஆசிரியர் சிலர், நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 1982-இல் தொடங்கிய மழலைப் பள்ளிகளைப் பார்த்து, தாமும் அவ்வாறே செய்யத் துணிந்தனர். 1984-இல் கவாய்த் தீவின் கெக்காஹாவில் முதற் பள்ளி திறந்தது. (நம்மவர் பலர் அறிந்திருக்கக்கூடிய சைவ ஆதீனமும் அதே தீவில்தான் இருக்கிறது, பெங்களூருக்கு அருகில் செதுக்கிய கற்களால் எழுந்த அதன் இறைவன் கோயிலுக்கு 2023-இல் குடமுழுக்கு நடைபெற்றது.) பள்ளியின் பெயர் 'பூனானா லேயோ', குரலின் கூடு என்பது பொருள். அங்கே பிள்ளையின் காதில் விழும் சொல் எல்லாம் ஹவாய் மொழியே. பெற்றோர்க்கும் விதி உண்டு. வாரந்தோறும் மொழி வகுப்புக்கு வர வேண்டும்; மாதந்தோறும் சில மணி நேரம் பள்ளிக்கு உழைக்க வேண்டும். பணம் கட்டிவிட்டு வாசலில் விட்டுப்போவது நடவாது. பாட்டனார் மொழியை இழந்த அப்பா, நான்கு வயது மகளிடம் திருத்தம் கேட்டுக் கற்ற வீடுகள் பல.

தொண்ணூறு ஆண்டுத் தடையை 1986-இல் சட்டமன்றம் நீக்கிற்று. 1987-இல் இரண்டு அரசுப் பள்ளிகளில் ஹவாய் மொழி வழி வகுப்புகள் தொடங்கின. பாடநூல்கள் இல்லை. ஆங்கிலப் படக்கதை நூல்களை வாங்கி, ஹவாய் மொழியில் தட்டச்சுச் செய்த சீட்டுகளைப் பெற்றோர் மாலையில் உட்கார்ந்து வெட்டி, ஆங்கில வரிகளின் மேல் ஒட்டினர். புதுச்சொற்களுக்கு ஒரு குழு அமைந்தது. கணினிக்கு 'லோலோ உயிலா', அதாவது மின்மூளை, என்று பெயர் வந்தது. ஹூலா ஆசிரியர்களும் தம் மாணவரை, முதலில் பாட்டின் மொழியைக் கற்று வா என்று அனுப்பத் தொடங்கினர். மழலைப் பள்ளியிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அம்மொழியிலேயே கற்ற முதல் மாணவர் குழு 1999-இல் தேறி வெளிவந்தது. இன்று வீட்டில் ஹவாய் மொழி பேசுவோர் சுமார் 18,000 பேர் என்று கணக்கிட்டிருக்கின்றனர்.

எல்லாம் நலமாகிவிட்டது என்று நாம் எழுதவில்லை. தீவுகளின் உணவில் பெரும்பங்கு இன்றும் கப்பலிலேயே வருகிறது. கடைசிக் கரும்பாலை 2016-இல் மூடியபின் தரிசாய்க் கிடந்த நிலங்களில் அயல்நாட்டுப் புல் மண்டிற்று. 2023 ஆகஸ்டில் மாவித் தீவின் லஹாய்னா நகரைத் தீ விழுங்கியபோது நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஈரப்பலாத் தோப்பின் நிழலுக்கே ஒரு காலத்தில் பெயர்பெற்றிருந்த ஊர் அது. அங்கே மீண்டும் ஈரப்பலாக் கன்றுகளை நட்டு வருகின்றனர்.

கூட்டுப் பள்ளிகளில் முதலில் படித்த அந்தப் பிள்ளைகளுள் சிலர் இப்போது தாய்தந்தையர். காலையில் தம் மழலைகளை அதே பள்ளிகளில் கொண்டுபோய் விடுகின்றனர். மாத உழைப்பு மணிக்கணக்கு அவர்களுக்கும் உண்டு.